கொழுப்புப் பரிசோதனை: எது தேவை, எது வீண்?

லிப்பிட் புரொஃபைல் என்னும் ரத்தக் கொழுப்புப் பரிசோதனையில் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) அளவு சரியாக இருந்தும் மாரடைப்புக்கு ஆளானவர்கள் உண்டு. சர்க்கரை நோய், தொப்பை, கூடிய ட்ரைகிளிசரைடு, குறைந்த எச்டிஎல் (நல்ல கொழுப்பு) ஆகியவை இந்தியர்கள் பலரிடம் சேர்ந்தே இருக்கின்றன. அவர்களுக்கு எல்டிஎல் மட்டும் முழு ஆபத்தையும் காட்டாது.

காசு செலவில்லாத கணக்கு ஒன்று உண்டு. மொத்தக் கொலஸ்டிராலில் எச்டிஎல்லைக் கழியுங்கள். கிடைப்பது நான்-எச்டிஎல். மொத்தம் 210, எச்டிஎல் 35 என்றால் விடை 175. பொதுவாக இது 130-க்குள் இருப்பது நல்லது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு இன்னும் குறைய வேண்டும்.

அடுத்தது அபோ-பி. ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடிய ஒவ்வொரு கொழுப்புத் துகளிலும் ஓர் அபோ-பி புரதம் இருப்பதால், துகள்களின் எண்ணிக்கையை இது காட்டிவிடும். சர்க்கரை நோயும் கூடிய ட்ரைகிளிசரைடும் உள்ளவர்களுக்கு இது பயன்படும்; எல்லோருக்கும் அவசியமில்லை.

மூன்றாவது லிப்போபுரோட்டீன்-ஏ. இது பெற்றோர் வழியாக வருவது. உணவாலும் உடற்பயிற்சியாலும் பெரிதாக மாறாது. ஆகவே பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். பெரியவர்கள் அனைவரும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுமாறு இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் பரிந்துரைத்தது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பயந்து ஒடுங்க வேண்டாம். எல்டிஎல், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் கூடுதல் கவனத்துடன் கட்டுப்படுத்துங்கள், புகையிலையை விடுங்கள். உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அப்பாவோ அண்ணனோ 55 வயதுக்கு முன்போ, அம்மாவோ அக்காவோ 65 வயதுக்கு முன்போ இதய நோய் கண்டிருந்தால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மற்றபடி, நீண்ட பட்டியலோடு விற்கப்படும் ஹெல்த் பேக்கேஜ்களைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. "இந்த முடிவால் என் சிகிச்சை மாறுமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாறாது என்றால் அந்தப் பரிசோதனை வீண்.

கட்டணத்தை முன்கூட்டியே கேட்டறியவும், விரும்பிய பரிசோதனைக் கூடத்தைத் தேர்ந்தெடுக்கவும், முடிவுகளைக் கையில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. நோயாளிகள் உரிமைச் சாசனம் இவற்றைச் சொல்கிறது. என்ஏபிஎல் (பரிசோதனைக் கூடங்களின் தரத்துக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற கூடமா என்றும் பாருங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் அந்தக் கூடத்திடம் ரசீதோடு எழுத்தில் புகார் கொடுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன.

நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் பழைய ரிப்போர்ட்டை நம்பிக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.