வெண்பாவின் அடிகள் எங்கே போயின?

யாப்பிலக்கணம் பற்றி நண்பர் எழுதிய நூலுக்கு அண்மையில் புரூஃப் பார்த்தேன். எடுத்துக்காட்டு வெண்பாக்கள் எல்லாம் உரைநடை போல ஒரே பத்தியாக ஓடின. ஈற்றடியில் மூன்றே சீர் நிற்கும் அழகைச் சொல்லும் நூலில் ஈற்றடியையே காணோம்! நண்பர் ஒழுங்காக வரி பிரித்துத்தான் எழுதியிருந்தார். ஆனால் அவர் எழுதியது, எளிய குறிகளால் வடிவத்தைச் சுட்டும் மார்க்டவுன் முறையில். அதில் எண்டர் விசையை ஒருமுறை தட்டினால் அது வெறும் இடைவெளிதான். ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் ஒரு செங்குத்துக் கோடும் ஓர் இடைவெளியும் வைத்ததும் அடிகள் பிரிந்து நின்றன.

கோப்பை மாற்ற அவர் பயன்படுத்தியது பாண்டாக். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பிக்கும் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட இலவச மென்பொருள். வேர்ட், எச்டிஎம்எல், லேடெக், இபப் என எதைக் கொடுத்தாலும் முதலில் தன் உள்வடிவத்துக்குக் கொண்டுவரும். அதிலிருந்து நாம் கேட்கும் வடிவத்தை எழுதும். அந்த உள்வடிவத்தில் இருப்பவை தலைப்பு, பத்தி, மேற்கோள், அடிக்குறிப்பு போன்றவை. ஒன்று எப்படித் தெரிகிறது என்பதைவிட அது என்ன என்பதே அங்கே முக்கியம்.

நம்மில் பலர் இடறுவது இங்கேதான். அத்தியாயத் தலைப்பை வேர்டில் பெரிதாக்கி, போல்ட் போட்டு, நடுவில் நிறுத்திவிட்டுப் போகிறோம். கண்ணுக்கு அது தலைப்பு. பாண்டாக்குக்கு அது தடித்த எழுத்தில் ஒரு பத்தி, அவ்வளவே. பொருளடக்கம் காலியாக வரும். ‘ஹெடிங் 1’ என்ற ஸ்டைலைத் தேர்ந்தெடுக்க ஒரு சொடுக்கு போதும். தயவுசெய்து அதைச் செய்யுங்கள்.

அச்சுக்கு பிடிஎஃப் எடுக்கும்போது தமிழுக்கென்று இன்னொரு கண்டம். பாண்டாக் இயல்பாக அழைக்கும் பிடிஎஃப்லேடெக் என்ற நிரல், முதல் தமிழ் எழுத்திலேயே பிழை சொல்லி நின்றுவிடும். ஸீலேடெக்குக்கு மாற்ற வேண்டும். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தமிழ் வரவேண்டிய இடமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும்.

பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பு என்றால் முதலில் யூனிகோடாக்கியே தீர வேண்டும். திரையில் ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே சில ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். நண்பரின் முன்னுரை அப்படித்தான் இருந்தது. அதை மாற்றி முடித்து, மிச்சமிருந்த பாக்களுக்கும் ஒரு மாலை முழுக்க இருவரும் உட்கார்ந்து கோடு போட்டோம்.