பூட்டனார் எந்தக் காகிதத்தில் இருக்கிறார்?

அப்பப்பாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய தகப்பனாரின் பெயர்? கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். யோசித்தும் வராவிட்டால் கவலை வேண்டாம். தேடும் வழிகள் உண்டு. பல கொழும்பிலேயே உண்டு.

எங்கே தொடங்குவது?

உங்கள் பிறப்புச் சான்றிதழில். பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றைக் கேட்கும் ஒரு கூடு (கட்டம்) அதில் உண்டு. தகப்பன் இங்கே பிறக்காதவர் என்றால் பூட்டனைக் கேட்கும் கூடும் உண்டு. இது 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் நிழல். தகப்பனோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் சேர்ந்தோ இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கிய அதே கேள்விதான் இன்று உங்களுக்கு ஏணியாக உதவுகிறது.

பழைய சான்றிதழை எங்கே கேட்பது?

பிறப்பு, இறப்புப் பதிவு இங்கே 1867இல் தொடங்கியது. பிரதி எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். வெள்ளவத்தைக்குத் திம்பிரிகஸ்யாய, கொட்டாஞ்சேனைக்குக் கொழும்புப் பிரதேச செயலகம். ஆனால் குடும்பம் வாழ்ந்த இடத்தைப் பார்க்காதீர்கள். பிள்ளை பிறந்த இடத்தைப் பாருங்கள். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். வெள்ளவத்தையில் வளர்ந்த பெரியப்பாவின் பதிவு பருத்தித்துறையில் இருக்கக்கூடும்.

வருடம் தெரியாதே?

வருடத்தைக் கேட்டால் முதியவர்களுக்கு நினைவு வராது. “ஐம்பத்தெட்டுக் கலவரத்தின்போது உங்களுக்கு எத்தனை வயது?” என்று கேளுங்கள். 1964 புயல், 1983 ஆடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், தேட வேண்டிய ஆண்டுகள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும்.

“அப்படியொரு பெயர் பதிவில் இல்லை” என்றால்?

உடனே திரும்பி வந்துவிடாதீர்கள். பழைய பதிவுகள் பல ஆங்கிலத்தில் உள்ளன. கனகசபை ‘சி’ எழுத்திலும் இருப்பார், ‘கே’ எழுத்திலும் இருப்பார். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் தலைப்பெழுத்து. அதனால் தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிவிடும். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடாமல் ஊர், தகப்பன் பெயர், ஆண்டு மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

பெண்வழியை எப்படித் தேடுவது?

தலைப்பெழுத்தில் அம்மம்மாவுக்கு இடமில்லை. சீதன உறுதியில் உண்டு. அந்தக் காணிப் பத்திரத்தில் பெண்ணின் பெயர், பெற்றோர் பெயர், காணி அவர்களுக்கு எப்படி வந்தது என்ற விபரம் எல்லாம் இருக்கும். “முதுசமாக வந்தது” என்றிருந்தால், அதற்கு முந்திய தலைமுறையையும் தேடிப் போகலாம். உறுதி தொலைந்திருந்தால், நொத்தாரிசு கையளித்த பிரதியைக் காணிப் பதிவகத்தில் கேட்கலாம். யுத்தத்தில் வடக்கு, கிழக்கில் பல ஆவணங்கள் அழிந்தன. ஆகவே உறவினர் வீட்டு அலுமாரிகளையும் விட்டுவிடாதீர்கள்.

1867க்கு முன்னால்?

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைக் கேளுங்கள். கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயம் இருக்கிறது. அருகே ஒல்லாந்தர் கட்டி 1757இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயம் இருக்கிறது. சைவக் குடும்பமானாலும் இதைத் தள்ளிவிடாதீர்கள். ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் தேவைப்பட்டது. பெயருக்குக் கிறிஸ்தவராகி வீட்டில் சைவராக இருந்தவர்கள் உண்டு. ஒல்லாந்தர் எழுதிவைத்த தோம்புகள் (ஆள், காணிப் பதிவேடுகள்) கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. ஒல்லாந்த மொழியில் எழுதியவை என்பதால், வாசிக்கத் தெரிந்தவரின் உதவி வேண்டும்.

இந்தியாவிலிருந்து வந்த குடும்பம் என்றால்?

பழைய கடவுச்சீட்டுகளையும் பிரஜாவுரிமைப் பத்திரங்களையும் தேடுங்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழும் விண்ணப்பித்த குடும்பங்கள் அந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்தியிருக்கும். அவற்றில் தமிழ்நாட்டுக் கிராமத்தின் பெயர் ஒன்று கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

அலுவலகம் போகாமல் ஏதாவது செய்யலாமா?

கல்வெட்டைத் தேடுங்கள். கல்லில் வெட்டியதைச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தார் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிட்டுக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைச் சொல்கிறேன். பலவற்றில் வம்ச வரலாறே இருக்கும். நூலகம் நிறுவனம் இப்படிப்பட்ட நினைவு மலர்கள் பலவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வெள்ளவத்தைக்காரருக்குத் தமிழ்ச் சங்க நூலகமும் நடந்து போகும் தூரந்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். கல்வெட்டு பாசத்தில் எழுதியது. அதிலுள்ள ஆண்டைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உறுதியையும் அடையாள அட்டையையும் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். காணி மோசடிக்கு அது வசதியாகிவிடும்.

கடைசியாக ஒன்று. கண்டுபிடித்த ஒவ்வொரு பெயரையும் ஊர், ஆண்டு, எந்தக் காகிதத்தில் பார்த்தது என்பதோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். தலைப்பெழுத்தோடு நிறுத்தாமல் முழுப்பெயராக எழுதுங்கள். உங்கள் பூட்டப்பிள்ளைகள் ‘சி’யா ‘கே’யா என்று அலைய வேண்டியிராது.