உங்களுக்குத் தெரியுமா? செஞ்சிக் கோட்டையும் நபிமார் வரலாறும்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் கோட்டைகள் என்று 12 கோட்டைகளை ஒரு தொகுப்பாக எடுத்தார்கள். அதில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். பீஜப்பூர் சுல்தான், சிவாஜி, முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டே இருந்த கோட்டை இது. மதரசாவில் நபிமார் வரலாறு கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே வந்து மதிலையும் களஞ்சியத்தையும் குளத்தையும் பார்த்தால், அந்த வரலாறுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். காரணம் இருக்கிறது. வலுத்தவன் எளியவனிடம் எப்படி நடந்துகொண்டான் என்ற ஒரே கேள்வியைத்தான் அவற்றில் பெரும்பாலானவை திரும்பத் திரும்பக் கேட்கின்றன.

★ திருக்குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் நபிமார்கள் 25 பேர். ஆதம் நபியில் தொடங்கி முஹம்மது நபி (ஸல்) வரை இந்தப் பெயர்களை மதரசாப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பெயர் சொல்லப்படாத நபிமார்களும் உண்டு என்று அதே வேதம் சொல்கிறது.

★ ஒரு அத்தியாயம் முழுக்க ஒரே ஆளின் கதையைத் தொடர்ச்சியாகச் சொல்வது திருக்குர்ஆனில் அரிது. 12-ஆம் அத்தியாயமான ஸூரத்து யூசுப் அப்படிப்பட்டது, 111 வசனங்கள். அண்ணன்மார் கிணற்றில் தள்ளிய சிறுவன் யூசுப் நபி (அலை), எகிப்தில் அடிமையாக விற்கப்பட்டு, செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்று, கடைசியில் அந்த நாட்டின் தானியக் களஞ்சியத்துக்கே பொறுப்பாளர் ஆனார். ஏழு ஆண்டு விளைச்சலைச் சேமித்து ஏழு ஆண்டுப் பஞ்சத்தைத் தாண்டும் திட்டம் அவருடையது. தானியத்தை அடித்துப் பிரிக்காமல் கதிரோடு வைக்கச் சொன்னார் என்ற விவரமும் அதில் வருகிறது. உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இந்த வரி உடனே புரியும்.

செஞ்சியில் ராஜகிரி மலை அடிவாரத்து நெற்களஞ்சியத்தின் முன்னால் நின்று இதை நினைத்துப் பாருங்கள். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. அப்படிப்பட்ட நாளில் களஞ்சியத்தின் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் கையில்தான் எல்லாருடைய உயிரும்.

யூசுப் நபி கையிலும் அந்தச் சாவி இருந்தபோதுதான் அண்ணன்மார் தானியம் கேட்டு வந்து நின்றார்கள். அவர்களுக்கு இவரை அடையாளம் தெரியவில்லை, இவருக்குத் தெரிந்துவிட்டது. தானியம் அளந்து கொடுத்ததோடு, அவர்கள் விலையாகக் கொண்டுவந்த பொருளையும் அவர்கள் மூட்டைக்குள்ளேயே வைத்து அனுப்பச் சொன்னார். பிறகு தான் யாரென்று சொன்ன நாளில், உங்கள் மேல் இன்று எந்தக் குறையும் இல்லை என்று மன்னித்தார்.

இதில் பலர் கவனிக்காமல் தாண்டிவிடும் இடம் ஒன்று உண்டு. குடும்பம் முழுவதும் ஒன்று சேர்ந்த பிறகு, தந்தை யஃகூப் நபியிடம் இறைவன் தனக்குச் செய்த உதவிகளை யூசுப் நபி எடுத்துச் சொல்கிறார். சிறையிலிருந்து தன்னை வெளியே கொண்டுவந்ததைச் சொல்கிறார். கிணற்றிலிருந்து எடுத்ததைச் சொல்லவில்லை. அண்ணன்மார் அருகிலேயே நிற்கும்போது அவர்கள் தலை குனியக் கூடாது என்பதற்காகவே கிணற்றைப் பேச்சில் எடுக்கவில்லை என்று விரிவுரையாளர்கள் விளக்குவார்கள். மன்னித்துவிட்டேன் என்று சொல்பவர்கள் உலகில் நிறையப் பேர். மன்னித்த பிறகு அதைக் குத்திக்காட்டாமல் வாழ்பவர் குறைவு. நபிமார் வரலாற்றில் என் மனம் அதிகம் தங்கும் இடம் இதுதான்.

★ 630-இல் மக்கா நகரம் முஹம்மது நபி (ஸல்) வசம் வந்தது. தம்மையும் தோழர்களையும் ஊரைவிட்டே விரட்டியவர்கள் எதிரே நின்றபோது, யூசுப் நபி தம் சகோதரர்களிடம் சொன்னதையே தாமும் சொல்வதாக அறிவித்து அவர்களை விட்டுவிட்டார் என்பது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

★ செஞ்சி என்றதும் ஊரார் வாயில் முதலில் வரும் பெயர் தேசிங்கு ராஜன். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து 1714 அக்டோபரில் போரிட்டு இறந்த இளைஞர். அவருடைய உயிர்த்தோழர் மகபத்கான் ஒரு முஸ்லிம். தன் கல்யாணத்தை விட்டுவிட்டு நண்பனுக்காகப் போர்க்களம் வந்து மடிந்தார் என்று தேசிங்கு ராஜன் கதைப்பாடல் சொல்கிறது. எதிர்ப்படையின் தலைவரும் முஸ்லிம், தோழனும் முஸ்லிம். கொடுத்த வாக்கைக் காப்பது ஈமானின் பகுதி. எந்தப் பக்கம் நிற்பது என்பதில் கதைப்பாடலின் மகபத்கானுக்குக் குழப்பமே வரவில்லை. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாகவே சாதத்துல்லா கான் பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டையை அமைத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. கோட்டைக்குள் இருக்கும் சாதத்துல்லா கான் பள்ளிவாசல் 1717-18 காலத்தது.

★ மலையைக் குடைந்து வீடு கட்டிய சமூகத்தின் கதையும் திருக்குர்ஆனில் இருக்கிறது. அவர்கள் ஸமூது கூட்டத்தார். அவர்களிடம் வந்தவர் ஸாலிஹ் நபி (அலை). சவூதி அரேபியாவின் அல்உலா அருகே உள்ள ஹிஜ்ர் என்ற இடத்தை மரபு இவர்களோடு சேர்த்துச் சொல்கிறது. அங்கே பாறையில் இன்று தெரிபவை நபாத்தியர் குடைந்த கல்லறைகள் என்பது தொல்லியலாரின் முடிவு, நூற்றுக்கும் மேற்பட்டவை. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இதுதான் சவூதியின் முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

ஸமூது கதையின் நடுவில் இருப்பது தண்ணீர். அதிசயமாக அனுப்பப்பட்ட பெண் ஒட்டகம் ஒரு நாள் குடிக்கும். ஊரார் மறுநாள் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் முறைத் தண்ணீர் என்கிறோமே, அதுதான். ஒரு வாயில்லாச் சீவனுக்கு ஒரு நாள் முறை விடுவதற்கு அந்த வசதி படைத்த ஊருக்கு மனம் வரவில்லை. ஒட்டகத்தை வெட்டினார்கள், அழிந்தார்கள். வெட்டியவன் ஒருவன்தான். ஆனால் வேதம் அந்தக் குற்றத்தை ஊர் முழுவதன் மேலும் ஏற்றுகிறது. அவனைக் கூப்பிட்டு விட்டது அவர்கள். நடந்ததைத் தடுக்காதவர்களும் அவர்களே. செஞ்சியில் சக்கரக்குளம், செட்டிக்குளம் படிகளில் உட்கார்ந்து யோசிக்க இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது.

★ எகிப்திலிருந்து தப்பி ஓடிவந்த மூசா நபி (அலை), மத்யன் ஊர்க் கிணற்றடியில் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஆண்கள் முண்டியடித்துத் தங்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட, இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளோடு ஒதுங்கி நின்றார்கள். அவர் போய் அவர்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தார். கையில் காசில்லை, ஊரில் யாரையும் தெரியாது, பசி வேறு. கூலி கேட்கவில்லை.

★ அதே மத்யன் மக்களுக்கு அனுப்பப்பட்டவர் ஷுஐப் நபி (அலை). இறைவன் ஒருவனே என்று சொன்ன வாயாலேயே அவர் சொன்ன அடுத்த பேச்சு: அளவையிலும் நிறுவையிலும் குறைக்காதீர்கள். உமது தொழுகையா எங்கள் பணத்தை எங்கள் விருப்பப்படி ஆளக்கூடாது என்று சொல்கிறது என ஊரார் கேலி செய்தார்கள். தொழுகையையும் தராசையும் பிரித்து வைக்க நினைத்தவர்கள் அன்றே இருந்திருக்கிறார்கள். செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டைகளை இறக்கிவிட்டு எடை போடும் இடத்தில் காத்திருக்கும் விவசாயி இந்த நபியின் கவலையை நன்றாக அறிவார். அளவில் மோசம் செய்வோரைப் பற்றித் திருக்குர்ஆனில் தனி அத்தியாயமே இருக்கிறது, 83-ஆவது.

★ எறும்பின் பெயரால் ஓர் அத்தியாயம் உண்டு, 27-ஆவது. சுலைமான் நபியின் (அலை) படை வருவதைக் கண்ட ஒரு எறும்பு, அவர்கள் அறியாமல் மிதித்துவிடப் போகிறார்கள், வீட்டுக்குள் போய்விடுங்கள் என்று தன் கூட்டத்தை எச்சரிக்கிறது. அதைக் கேட்ட அரசர் புன்னகைத்தார். தமக்கும் தம் பெற்றோருக்கும் இறைவன் தந்த அருளுக்கு நன்றி செலுத்தும் மனம் வேண்டும் என்று துஆ செய்தார். மனிதர், ஜின்கள், பறவைகள் என அணிவகுத்த அவ்வளவு பெரிய படையின் தலைவருக்கு எறும்பின் பயம் காதில் விழுந்தது. சுலைமான் நபியைப் பாட்டுடைத் தலைவராக வைத்துத் தமிழில் ஒரு காப்பியமே உண்டு: வண்ணக்களஞ்சியப் புலவர் பாடிய ‘இராசநாயகம்’.

★ எறும்பு பற்றி இன்னொன்று. முன்னொரு காலத்தில் ஒரு நபியை எறும்பு கடிக்க, அவர் எறும்புப் புற்றையே எரித்துவிட்டார். கடித்தது ஒன்று, எரித்தது ஒரு சமூகத்தை அல்லவா என்று இறைவன் கண்டித்தான். இது புகாரியில் வரும் நபிமொழி. ஒருவன் செய்த தவறுக்கு ஒரு தெருவையே பழிக்கிற நாளில் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

★ தாவூது நபி (அலை) தொழுதுகொண்டிருந்த அறைக்குள் இரண்டு பேர் மதிலேறிக் குதித்து வழக்கு சொன்னார்கள். ஒருவனிடம் 99 ஆடுகள். மற்றவனிடம் ஒன்றே ஒன்று. அதையும் இவன் கேட்கிறான். அநியாயம் என்று உடனே சொல்லிவிட்டார் தாவூது நபி. சொன்ன பிறகுதான் இது தமக்கு வந்த சோதனை என்று உணர்ந்து ஸஜ்தாவில் விழுந்தார். எதிர்த்தரப்பைக் கேட்காமல் பேசியதுதான் பிழை என்பது விரிவுரையாளர்கள் பலரின் கருத்து. ஏழையின் மேல் உள்ள இரக்கத்தால் அவசரப்பட்டாலும், இரு பக்கமும் கேட்ட பிறகுதான் தீர்ப்பு.

★ அரசரான தாவூது நபி தம் கை உழைப்பில் உண்டார். இரும்பில் கவசம் செய்யும் தொழில் அவருக்குத் தெரியும். ஸகரிய்யா நபி தச்சர். மூசா நபி மாமனாரிடம் ஆண்டுக்கணக்கில் ஆடு மேய்த்தார். முஹம்மது நபியும் (ஸல்) மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவர்.

★ 622-இல் மக்காவை விட்டு மதீனா புறப்பட்ட இரவில், நபிகள் நாயகம் (ஸல்) அலீ (ரலி) அவர்களை ஊரிலேயே நிறுத்திவிட்டுப் போனார். ஊரார் நபியிடம் நம்பிக் கொடுத்துவைத்த அமானிதப் பொருள்களை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதற்காக. தம் உயிருக்கு உலை வைத்த ஊருக்கு, அதன் பொருளைக் குறைவில்லாமல் ஒப்படைக்க ஆள் வைத்துவிட்டுப் போனவர் அவர்.

★ செஞ்சி முற்றுகையில் கிடந்த ஏறக்குறைய அதே காலத்தில்தான் தமிழில் ‘சீறாப்புராணம்’ எழுந்தது. நபிகள் நாயகத்தின் வரலாற்றை 5027 பாடல்களில், மூன்று காண்டங்களில் பாடியவர் உமறுப் புலவர். வள்ளல் சீதக்காதி ஆதரித்தார். அவருக்குப் பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்தார். பாலைவன அரபு நாட்டில் தமிழ்நாட்டு மழையும் ஆறும் வயலும் புலவர் பாட்டில் வந்து நிற்கும்.

அதில் மானுக்குப் பிணை நின்ற படலம் தனி அழகு. வேடன் வலையில் சிக்கிய பெண்மான், பசித்திருக்கும் குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று நபிகளிடம் முறையிடுகிறது. காட்டுக்குப் போன மான் திரும்புமா என்று வேடன் சிரிக்கிறான். நபிகள் தாமே பிணையாக அங்கே நிற்கிறார். மான் போய்ப் பாலூட்டுகிறது. போகாதே என்று இனம் தடுத்தும் கேட்காமல், குட்டியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. ஒரு விலங்கின் சொல்லை நம்பித் தம்மையே ஈடு வைத்த நபி, அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிய மான், இரண்டையும் கண்டு மனம் மாறிய வேடன். பள்ளிப் பாடநூலில் இதைப் படித்தவர்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் மறந்திருக்க மாட்டார்கள்.

★ ஆதம் நபியின் மக்கள் ஆபில், காபில் பெயரில் ராமேஸ்வரத்தில் ஒரு தர்கா இருக்கிறது. ஆதம் நபியின் பெயர் தாங்கிய இலங்கையின் பாவா ஆதம் மலைமேல் 1344-இல் பயணி இப்னு பதூதா ஏறியிருக்கிறார்.

★ கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்ற சிற்றிலக்கிய வகைகளைத் தமிழுக்குத் தந்தவர்கள் முஸ்லிம் புலவர்கள். யூசுபு நபி கிஸ்ஸா போன்றவை ஒரு காலத்தில் வீடுகளில் உட்கார்ந்து ராகம் போட்டுப் படிக்கப்பட்டன. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழிலும் இவ்வகை நூல்கள் ஏராளம். உங்கள் வீட்டுப் பரணிலோ பெரியம்மாவின் பெட்டியிலோ அப்படி ஒரு பழம்பிரதி கிடந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் பிள்ளைகளுக்கு ஒரு கதையையாவது படித்துக் காட்டுங்கள். வைத்துக்கொள்ள வசதியில்லை என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற பழந்தமிழ் அச்சு நூல்களைப் பாதுகாக்கும் இடங்களுக்குத் தகவல் சொல்லுங்கள்.