தாய்நாடும் தந்தையர் நாடும்

பிறந்த நாட்டைத் தாய்நாடு என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஜெர்மானியர் அதனைத் தந்தை நாடு என்கின்றனர் என்று முதன்முதல் கேள்விப்படும்போது நமக்குச் சிறிது வியப்பு உண்டாகிறது. அந்த வியப்பிலிருந்து ஒரு கதையும் பிறந்துவிடுகிறது. நாட்டைத் தாயாகக் கருதும் மக்கள் அன்பும் சாந்தமும் மிக்கவர்கள். தந்தையாகக் கருதுவோர் அதிகாரத்தையும் போரையும் விரும்புகிறவர்கள் என்பது அக்கதை. மேடைகளில் இதனைப் பன்முறை கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் சொற்களின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் இக்கதை நிற்பதில்லை.

ருஷ்ய மொழியை எடுத்துக்கொள்வோம். அம்மொழியில் பிறந்த நாட்டைக் குறிக்கும் சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று ‘ரோதினா’. பிறப்பு, குலம் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த பெண்பாற் சொல் அது. மற்றொன்று ‘ஒதேச்செஸ்த்வோ’. தந்தை என்று பொருள்படும் சொல்லின் அடியாகப் பிறந்தது இது. ஆனால் இலக்கணத்தில் இஃது ஆண்பாலும் அன்று; வடமொழியார் நபுஞ்சகம் என்பரே, அந்தப் பாலைச் சேர்ந்தது.

1941-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் ஹிட்லரின் படைகள் சோவியத் நாட்டின் எல்லையைக் கடந்தன. அன்று நண்பகலில் வெளிநாட்டு அமைச்சர் மொலோட்டோவ் வானொலி வாயிலாக அச்செய்தியை மக்களுக்கு அறிவித்தார். 1812-இல் நெப்போலியன் படையெடுத்து வந்து தோற்றுப்போனதை அவர் நினைவூட்டினார். அந்தப் பழைய போரை ருஷ்யர் ‘தந்தையர் நாட்டுப் போர்’ என்ற பொருளுடைய பெயரால் வழங்குவர். அத்தகைய போர் ஒன்றை மீண்டும் நடத்துவோம் என்றார் மொலோட்டோவ். யாருக்காக என்று சொல்ல வந்தபோதோ ‘ரோதினா’ என்னும் மற்றச் சொல்லையே ஆண்டார். தந்தைச் சொல் போருக்குப் பெயராயிற்று. பிறப்புச் சொல் போரின் நோக்கமாயிற்று. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தன. கேட்டவர் எவருக்கும் அதில் முரண்பாடு தோன்றியிராது. மறுநாளே ‘பிராவ்தா’ இதழ் ‘மாபெரும் தந்தையர் நாட்டுப் போர்’ என்று எழுதிற்று. 1945 வரை நீடித்த அப்போருக்கு அப்பெயரே நிலைத்தது.

அதே நாட்களில் ஈராக்லி தோய்ட்ஸே என்னும் ஜியார்ஜிய ஓவியர் ஒரு சுவரொட்டியை வரைந்தார். சிவந்த உடை அணிந்த நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி ஒரு கையை உயர்த்தி நிற்கிறாள். மறு கையில் படைவீரரின் உறுதிமொழித் தாள். அவளுக்குப் பின்னே துப்பாக்கி முனையீட்டிகள். தாயகமாகிய அன்னை அழைக்கிறாள் என்பது கீழே உள்ள வாசகத்தின் கருத்து. போர்ச் செய்தியைக் கேட்டுப் பதறி ஓடிவந்த தம் மனைவியின் முகமே இப்படத்துக்கு வித்தாயிற்று என்று ஓவியர் பின்னர்க் கூறியதாகச் சொல்வர்.

தந்தைச் சொல் எங்கிருந்து வந்தது? உரோமரிடையே குலப்பெயரும் சொத்தும் குலதெய்வ வழிபாடும் தந்தை வழியாகவே இறங்கின. ஆகவே ஒருவன் பிறந்த மண், அவன் தந்தையருக்கு உரிய மண். ‘பாட்ரியா’ என்னும் இலத்தீன் சொல்லின் பொருள் இதுவே. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நிலத்தைக் குறிக்கும் சொல் இலத்தீனில் பெண்பால். அதனைத் தழுவி வந்ததால் தந்தையின் பெயர்கொண்ட ‘பாட்ரியா’வும் பெண்பாலாகவே அமைந்துவிட்டது. அதன் வழிவந்த பிரெஞ்சுச் சொல்லும் அவ்வாறே. தந்தையர் நாட்டைப் பெண்ணாக எழுதிக் காட்டுவது பிரெஞ்சு ஓவியருக்கு இயல்பாயிற்று. கிரேக்கரும் தந்தைச் சொல்லையே வழங்கினர். ஆனால் கிரேத்தாத் தீவினர் தாய் நாடு என்று பொருள்படும் சொல்லை வழங்கினர் என்று பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலில் குறித்துச் செல்கிறார். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே இரு வழக்கும் அருகருகே இருந்தன என்பது இதனால் விளங்கும்.

அப்படியானால் எல்லாம் இலக்கணப் பாலின் விளையாட்டுத்தானா? அதுவும் அன்று. பின்னிஷ் மொழியில் இலக்கணப் பால் என்பதே இல்லை. அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். எனினும் பின்லாந்தியர் தம் நாட்டைத் ‘தந்தை நிலம்’ என்றே அழைக்கின்றனர். துருக்கி மொழியிலும் பால் வேறுபாடு கிடையாது. அவர்களோ ‘அன்னை நாடு’ என்கின்றனர், அரசாங்கத்தை மட்டும் ‘அப்பா’ என்கின்றனர். தமிழிலும் நாடு அஃறிணையே. தாய்நாடு என்பது நம் அன்றாட வழக்கு. பாரதியார் பாடல்களில் தந்தையர் நாடும் இடம்பெறுகிறது.

பின்லாந்தைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். அங்கே சொல் தந்தையாக இருப்பினும், படம் கன்னிப்பெண்ணாகவே இருந்தது. ருஷ்யப் பேரரசு பின்லாந்தின் உரிமைகளைச் சுருக்கிய 1899-ஆம் ஆண்டில் ஏத்து இஸ்தோ என்பவர் ஓர் ஓவியம் தீட்டினார். வெண்ணிற உடை அணிந்த பெண்ணொருத்தி சட்டப் புத்தகத்தை மார்போடு அணைத்திருக்கிறாள். ருஷ்யாவின் இருதலைக் கழுகு அதனைக் கிழித்துப் பறிக்கிறது. தந்தை நிலம் என்று சொல்லும் இந்நாடே 1906-இல் பெண்களுக்கு வாக்குரிமையோடு தேர்தலில் நிற்கும் உரிமையும் அளித்தது. மறு ஆண்டுத் தேர்தலில் 19 பெண்கள் நாடாளுமன்றம் புகுந்தனர். நாட்டைப் பெண்ணாக்கி நாணயத்திலும் தபால் தலையிலும் பொறித்த பிரான்சிலோ, பெண்களுக்கு வாக்குரிமை 1944-இல்தான் கிடைத்தது. எனவே சொல்லில் உள்ள பாலைக் கொண்டு அம்மக்களின் குணத்தை அளக்க முற்படுவது வீண்.

தாய் என்ற சொல் எப்போதும் கருணையோடுதான் வரும் என்பதும் இல்லை. 1934 ஜூன் மாதத்தில் சோவியத் அரசு ‘ரோதினா’வுக்குத் துரோகம் செய்தல் என்னும் குற்றத்தைச் சட்டத்தில் சேர்த்தது. படைவீரன் ஒருவன் வெளிநாட்டுக்குத் தப்பி ஓடினால், அவனோடு வாழ்ந்த வயது வந்த குடும்பத்தார், அச்செய்தியை அறியாதவராக இருந்தாலும், ஐந்து ஆண்டுகள் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்படலாம் என்று அச்சட்டம் விதித்தது. தாயகத்தின் பெயரால் உண்மைத் தாய்மார் தண்டனைக்கு உரியவராயினர். இப்படியொரு சட்டத்துக்குத் தந்தைச் சொல் அன்றோ பொருந்தும் என்று நாம் எண்ணுவோம். சட்டம் எழுதியவர்கள் அவ்வாறு எண்ணவில்லை.

தாய் என்றாலும் எல்லா நாட்டிலும் ஒரே தாய் அல்லள். 1905-இல் வங்காளத்தில் அவனீந்திரநாத் தாகூர் வரைந்த பாரத மாதாவுக்கு நான்கு கைகள். அவற்றில் ஏடும் நெற்கதிரும் துணியும் செபமாலையும் இருக்கின்றன. ஆயுதம் ஏதும் இல்லை. வோல்கா நதிக்கரையில், ஸ்டாலின்கிராட் என்று பெயர் பெற்றிருந்து 1961-இல் வோல்கோகிராட் ஆன நகரில், மமாயெவ் குன்றின் மீது நிற்கும் அன்னையோ 33 மீட்டர் நீளமுள்ள வாளை ஓங்கியிருக்கிறாள். வாள் முனைவரை அச்சிலையின் உயரம் 85 மீட்டர். வுச்சேத்திச் என்னும் சிற்பியின் படைப்பாகிய அது 1967-இல் திறந்துவைக்கப்பட்டது. அந்தக் குன்றில் 34,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் புதைக்கப்பட்டிருக்கின்றனர்.

அடிவாரத்திலிருந்து ஏறிச் செல்வோர் வாளேந்திய அன்னையின் காலடியை உடனே அடைந்துவிடுவதில்லை. அதற்கு முன்னர் ஒரு சதுக்கத்தைக் கடக்க வேண்டும். அங்கே ஒரு சிறு குளத்தின் கரையில், இறந்துபோன மகனை மடியில் கிடத்தித் தலை குனிந்து அமர்ந்திருக்கும் வேறொரு தாயின் சிலை இருக்கிறது.