தைராய்டு இயக்கமும் பெண்களின் குருதியில் ஹார்மோன் பிணைப்புப் புரதமும்

சென்னை உள்ளிட்ட 8 இந்திய நகரங்களில் நிகழ்த்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வு, வயது வந்தோருள் 10.95 விழுக்காட்டினரிடம் தைராய்டுக் குறைவைக் கண்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அது மிகுதி. அதன் விளைவு கழுத்துச் சுரப்பியோடு நிற்பதில்லை.

குருதியில் டெஸ்டோஸ்டிரோனின் பெரும்பகுதி, கல்லீரல் உருவாக்கும் பாலின ஹார்மோன் பிணைப்புப் புரதத்தையும் ஆல்புமினையும் பற்றியே செல்கிறது. கட்டற்று உலவும் 1 முதல் 2 விழுக்காடே திசுக்களுள் எளிதில் நுழையும். தைராய்டு ஹார்மோன் கல்லீரலில் இப்புரத உற்பத்தியைப் பெருக்குகிறது. எனவே தைராய்டு மிகையில் புரதமும் மொத்த டெஸ்டோஸ்டிரோனும் கூடும். கட்டற்ற அளவோ பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். தைராய்டுக் குறைவில் புரதம் குறைவதால் மொத்த அளவு தாழும். கட்டற்ற பகுதியின் விகிதம் உயரும். மொத்த அளவை மட்டும் காட்டும் ஆய்வக அறிக்கை இரு நிலைகளிலும் தவறான பொருள் தரக்கூடும்.

இடர் நோயறிதலில்தான் மிகுதி. தைராய்டுக் குறைவு மாதவிலக்கைக் குலைக்கும். நெடுநாள் மருத்துவமின்றி விடப்பட்டால் சினைப்பையில் நீர்க்கட்டிகளும் தோன்றலாம். அவ்வாறான இளம்பெண்ணுக்குச் சினைப்பை நீர்க்கட்டி நோய் எனப் பெயரிட்டுவிடுவது எளிது. அதனாலேயே 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுநெறி, அம்முடிவுக்கு முன் தைராய்டு நோயை விலக்கிப் பார்க்க வேண்டும் என்கிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் இப்புரதத்தை உயர்த்தும் என்பதால், அதனை உட்கொள்வோரின் அறிக்கையைத் தனியே நோக்குதல் வேண்டும். தைராக்சின் மாத்திரையால் தைராய்டுக் குறைவு சீரானதும், தாழ்ந்த புரத அளவு மீண்டும் உயர்கிறது.