ஆளுவோருக்குரிய கனம்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ளது. திங்கட்கிழமைகளில் மனுவுடன் அங்கு வருவோர் பலர். அரசை நம்பியே வருகின்றனர். அரசியல் தலைவர்களைப் பற்றியோ ஏளனமாகப் பேசுகின்றனர். இவ்வேறுபாட்டைப் போதகர்கள் கவனித்தல் வேண்டும்.

தோற்கடிப்பது வேறு, இகழ்வது வேறு. 1967இல் விருதுநகர் காமராசரைத் தோற்கடித்தது. அவர்பால் இருந்த மதிப்பு அழியவில்லை. 1969இல் நாகர்கோவில் அவரை மக்களவைக்கு அனுப்பியது. மதிப்பைப் பெரிதும் கெடுத்தது பணமே. 1989வரை திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டமாயிருந்தன. அவ்வேலூரில், பெருந்தொகை கைப்பற்றப்பட்டதால், 2019 ஏப்ரலில் நடைபெறவிருந்த மக்களவைத் தேர்தல் ரத்தாகி ஆகஸ்டு 5 அன்று நடைபெற்றது. வாக்கை வாங்கினவன் வாக்காளனை மதியான். விற்றவனும் வாங்கினவனை மதியான். நம் சபையார் இதற்குப் புறம்பானவரல்லர்.

இந்நிலையில் ரோமர் 13ஐ மட்டும் பிரசங்கித்தல் போதாது. பவுல் அதை எழுதியது நீரோவின் ஆட்சியில். ஆளுவோரைத் தெரிந்தெடுக்கும் உரிமை அன்றைய சபைக்கு இல்லை. நமக்கோ உண்டு. ஆகவே 1 சாமுவேல் 12ஐயும் சேர்த்து வாசித்தல் தகும். முதிர்வயதில் சாமுவேல் ஜனங்கள்முன் நின்று, தான் எவரிடமேனும் பரிதானம் வாங்கியதுண்டோ என வினவித் தன்னை அவர்கள் தீர்ப்புக்கு ஒப்புவிக்கிறான். (அவன் குமாரர் பரிதானம் வாங்கியதையும் அதே நூல் மறைக்கவில்லை.)

ஆளுவோருக்காக மன்றாடும்படி 1 தீமோத்தேயு 2 பணிக்கிறது. நம் ஆராதனை முறையில் பாவ அறிக்கை அம்மன்றாட்டுக்கு முன்னரே வருகிறது. தேர்தல் காலத்திலாவது, வாக்கை விற்ற பாவத்தையும் அதில் பெயரிட்டுச் சொல்லலாம்.