கல்லாப் பணமும் வீட்டுச் செலவும்

எந்தப் பருப்பை எத்தனை மூட்டை எடுப்பது, யாருக்குக் கடன் கொடுக்கலாம், எண்ணெய் விலை ஏறுமா இறங்குமா என்று நாள் முழுவதும் யோசித்து முடிவெடுப்பவர்கள் நாம். அதில் நமக்குப் பழக்கமும் உண்டு, திறமையும் உண்டு. ஆனால் சரக்கில் காட்டும் அந்த நிதானத்தைச் சொந்த வாழ்க்கையில் காட்டுகிறோமா என்றால், பெரும்பாலும் இல்லை. இதற்கு நல்ல சான்று கல்லாப் பெட்டிதான்.

காலையில் சிலிண்டர் வந்தால் கல்லாவிலிருந்து பணம். பையனுக்குப் பள்ளிக் கட்டணம், உறவினர் வீட்டு மொய், கோயில் வரி, மருந்துச் செலவு எல்லாம் அதே கல்லாவிலிருந்துதான். எடுப்பதை யாரும் எழுதுவதில்லை. "நம் கடை, நம் பணம்" என்பது எண்ணம். கல்லாவில் இருப்பதில் நம் பணம் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு மளிகைக் கடையில் தினசரி 10,000 ரூபாய் விற்பனை என்று வைத்துக்கொள்வோம். அரிசி, சர்க்கரை, எண்ணெயில் லாபம் குறைவு. மசாலா, பலசரக்குச் சில்லறையில் சற்றுக் கூடுதல். எல்லாம் கலந்து நூற்றுக்குப் பத்து நின்றால் 1,000 ரூபாய். வாடகை, மின் கட்டணம், கடைப் பையன் சம்பளம், வண்டிக் கூலி, எடைக் குறைவு, எலி தின்றது எல்லாம் சேர்த்து 450 போனால் மீதி 550. அந்தப் பத்தாயிரத்தில் நம்முடையது இந்த 550 மட்டுமே. மற்றது நாளைய சரக்கு.

வீட்டுக்கு நாள் ஒன்றுக்கு 800 ரூபாய் எடுக்கிறோம் என்றால் 250 ரூபாய் முதலிலிருந்து போகிறது. மாதம் 7,500. ஆண்டுக்கு 91,250. மூன்று லட்ச ரூபாய் முதல் போட்ட கடை 1,200 நாளில் காலியாகிவிடும். ஆனால் அலமாரி காலியாகத் தெரியாது. அதுதான் இதில் உள்ள ஆபத்து. மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்குப் போடுவதால் கடை நிறைந்தே இருக்கும். நம் சரக்கு இருந்த இடத்தில் அவருடைய சரக்கு இருக்கும், அவ்வளவுதான். அவர் ஒருநாள் கையை இறுக்கும்போது தண்டல்காரரைத் தேடிப் போகிறோம். 9,000 ரூபாய் கையில் வாங்கி, நாளொன்றுக்கு 100 வீதம் நூறு நாள் கட்டினால், வட்டி ஆண்டுக்கு 75 சதவீதத்துக்கும் மேல் வருகிறது. தண்டலையும் கந்துவட்டியையும் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அதன் பிறகும் சந்தைக்குச் சந்தை தண்டல் ஓடுவதை நாம் அறிவோம்.

மொத்த வியாபாரிகளுக்கும் இதில் வேலை உண்டு. பதினைந்து நாளில் பணம் கட்டியவர் இருபத்தைந்து நாளுக்குத் தள்ளினால், சரக்கை நிறுத்தும் முன் தனியாக அழைத்து ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

வழி மிகச் சாதாரணமானது. முதலாளி தனக்குத் தானே சம்பளம் போட்டுக்கொள்ள வேண்டும். மாதம் பிறந்ததும் அந்தத் தொகையை வீட்டம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். இடையில் கல்லாவில் கைவைக்கக் கூடாது. வீட்டுக்குப் போகும் அரிசி, எண்ணெயை அடக்க விலைக்கு ஒரு நோட்டில் எழுதிச் சம்பளத்தில் கழிக்க வேண்டும். இப்போது கியூஆர் அட்டையில் வரும் பணம் நேராக வங்கிக்குப் போகிறது. வீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும் ஒன்றாக இருந்தால் நிலைமை பழைய கல்லாவைவிட மோசம். கடைக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"550 ரூபாயில் குடும்பம் நடக்குமா?" என்று சிலர் கேட்பார்கள். நடக்காமல் இருக்கலாம். அதை முதல் மாதமே தெரிந்துகொள்வது மேல், மூன்றாண்டு கழித்துத் தெரிந்துகொள்வதைவிட. தெரிந்தால் புதிய சரக்கு சேர்க்கலாம், செலவைக் குறைக்கலாம், மகன் வேறு வேலைக்குப் போவதைத் தடுக்காமல் இருக்கலாம். நம் வீடுகளில் கடையின் உண்மை நிலை மனைவிக்குத் தெரியாது என்பதே பெரிய குறை. சொன்னால் கவலைப்படுவார்கள் என்று மறைக்கிறோம். சொல்லிப் பாருங்கள், முதலில் செலவைக் குறைப்பது அவர்களாகத்தான் இருக்கும்.

நேரமும் இப்படித்தான் கணக்கில்லாமல் போகிறது. கடை ஊழியருக்கு வார விடுமுறை தர 1947-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அவர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் திருத்தமும் வந்தது. முதலாளிக்கு இப்படி எந்தச் சட்டமும் இல்லை. மதியச் சாப்பாடு மூன்றரைக்கு, அதுவும் நின்றபடி. ஞாயிறு பிற்பகல் கடையைச் சாத்தினால் வாடிக்கை போய்விடும் என்று பயம். மே 5 வணிகர் தினத்தன்று நாள் முழுக்க அடைக்கிறோம். மறுநாள் அதே வாடிக்கையாளர்தான் வந்து நிற்கிறார். பலகையில் நேரத்தை எழுதி வைத்து, வாராவாரம் மாறாமல் நடந்தால், ஒரு மாதத்தில் தெருவுக்கே பழகிவிடும். சனிக்கிழமை இரவே வாங்கிக்கொள்வார்கள்.